பழைய மோட்டார் வண்டிக்குப் புதிய குளிர்ச்சி தகுமோ?

முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் பேணுதல் நம் கடன் என்பதில் கருத்து வேற்றுமை உடையார் எவரும் இலர். ஆயின், அதனைப் பேணும் முறை யாது என்ற வினா எழுந்தவுடனே அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். பழைய கட்டடத்தின் சுவருக்குச் சுண்ணம் பூசலாமா, பழைய ஏட்டின் சிதைவை நிரப்பலாமா, பழைய வீட்டின் கூரையை மாற்றலாமா என்று எழும் வழக்குகளெல்லாம் இவ்வொரு வினாவின் கிளைகளே. அக்கிளைகளுள் ஒன்று இக்காலத்தில் மோட்டார் வண்டி அன்பரிடையே நிகழ்ந்து வருகின்றது. ஐம்பது அறுபது ஆண்டு கடந்த வண்டி நம் நாட்டு வெயிலில் கொதிக்கின்றது. அதன் குளிர்விக்கும் அமைப்பைச் சீர்ப்படுத்தி மேம்படுத்தலாமா, ஆகாதா? இது குறித்து எம் கருத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பொருள் சிறிதென எண்ணி நம் மாணாக்கர் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. கொதிப்பு ஒன்றையே காரணமாகக் காட்டி, வண்டியோடு பிறந்த இயந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, அதனிடத்தில் வேறொரு வண்டியின் டீசல் இயந்திரத்தைப் பொருத்துவோர் உளர். கொதிப்புக்கு அஞ்சி வண்டியைக் கொட்டகையுட் பூட்டித் துணி போர்த்தி வைப்போரும் உளர். முன்னவர் கையில் வண்டியின் உயிர் போகின்றது. பின்னவர் கையில் அதன் நடை போகின்றது. இரண்டும் இழப்பே. நீரைச் சற்றுத் தணிவாக வைத்திருக்கும் வழி தெரிந்திருப்பின் இவ்விரு கேடும் நேரா.

முதற்கண் கொதிப்பின் காரணத்தை நோக்குவோம். பெட்ரோல் இயந்திரத்தில் எரியும் எண்ணெயின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதன்று. பழைய இயந்திரங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறும். எஞ்சியது புகையோடும் நீரோடும் வெப்பமாய்க் கழியும். 55 குதிரைத் திறனுள்ள இயந்திரம் முழு வலியோடு உழைக்கும்போது, அத்திறனுக்கு ஏறத்தாழ ஒத்த அளவு வெப்பத்தை ரேடியேட்டர் காற்றிலே விடுதல் வேண்டும். அஃதாவது, ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் நாற்பதை ஒருங்கே ஏற்றி, அவற்றின் சூடு முழுவதையும் ஒரு முழ அகலமுள்ள பித்தளைப் பெட்டி வாயிலாக வெளியேற்றுவதற்கு நிகரான வேலை அது.

இவ்வேலை எளிதாவதும் அரிதாவதும் நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 டிகிரி சென்டிகிரேடிலும் வெளிக்காற்று 20 டிகிரியிலும் இருப்பின் வேறுபாடு 70. அதே நீர் நம் கோடையில் 40 டிகிரிக் காற்றைச் சந்திக்குமாயின் வேறுபாடு 50 மட்டுமே. ஆகவே இங்கிலாந்தின் குளிர்நாட்டில் செம்மையாக உழைத்த ரேடியேட்டர் இங்கே வந்தவுடன் தன் திறனில் ஏறக்குறைய ஏழில் இரண்டு பங்கை இழந்துவிடுகின்றது. இது வண்டியின் குற்றமன்று, செய்தவர் குற்றமுமன்று. ஓரிடத்துக்கென வகுத்த பொருளை வேறிடத்தில் வழங்குவதால் நேரும் விளைவு. மே மாதத்து நண்பகலில் சென்னை மாநகரின் சந்தியொன்றில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கிடையே சிக்கிய பழைய வண்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

மலைவழியோ இன்னும் கடுமையானது. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியிற் கொதிக்கும். ஏறுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைதலால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரியை எட்டுமுன்னரே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைப் பாதையிலோ 70. முதற் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து செல்லும் வண்டியின் இயந்திரம் மிகுதியாக உழைக்க, முகத்தில் மோதும் காற்று குறைய, நீரின் கொதிநிலையும் தாழ்கின்றது. மூன்று பகையும் ஒருங்கு கூடும் இடம் அது.

நிற்க. குளிர்விக்கும் அமைப்பை மாற்றுதல் பழமைக்கு இழைக்கும் துரோகம் என்று கூறும் அன்பர்க்கு, அவ்வமைப்பின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1901ஆம் ஆண்டின் மெர்ஸிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர் தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்தார். 8,070 சிறு குழாய்களை அடுக்கிச் செய்த அப்பெட்டியே அதற்கு முன் வண்டிகள் சுமந்து திரிந்த பெருநீர்ச் சுமையைக் குறைத்தது. 1908இல் தோன்றிய ஃபோர்டு டி வண்டிகளுள் முதல் ஏறக்குறைய 2,500 வண்டிகள் நீர்ப்பம்பு உடையன. அதன்பின் பம்பு நீக்கப்பட்டது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழ, குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்க, தானே நிகழும் சுழற்சியே போதும் என முடிவு செய்தனர். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட டி வண்டிகள் விற்பனையாயின. ஆயினும் அவ்வண்டியை வாங்கியோர் பலர் வெளிக்கடைகளில் விற்ற பம்பை வாங்கித் தாமே பொருத்திக்கொண்டனர். நீரின் சூட்டை ஓட்டுநர் கண்டறிவதற்காக ரேடியேட்டரின் மூடிமேல் நிறுத்தும் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியும் அக்காலத்ததே. டி வண்டிக்குப் பின் வந்த ஏ வண்டியில் பம்பு மீண்டும் இடம்பெற்றது.

1932இல் வெளிவந்த ஃபோர்டு வி எட்டு இயந்திரத்தின் கதையும் அறியத்தக்கது. அதன் புகைவழிகள் சிலிண்டர்க் கட்டின் ஊடே, நீரறையின் நடுவே சென்றன. ஆதலின் புகையின் சூடும் நீரின் தலைமேல் ஏறியது. பம்புகளோ தலைப்பகுதியின் மேல்முனையில் அமைந்து, வெந்நீரை உறிஞ்சி இழுத்தன. 1937இல் அப்பம்புகள் கட்டின் முன்புறத்துக்கு இறக்கப்பட்டுக் குளிர்ந்த நீரை உள்ளே தள்ளும் வகையில் மாற்றப்பட்டன. செய்தவரே ஐந்தாண்டில் திருத்திய அமைப்பு அது. வண்டி உலகில் குளிர்ச்சியைத் திருத்துதல் என்றும் நிகழ்ந்துவந்த வழக்கமே. இன்று நாம் தொடங்கும் புதுமையன்று.

இதனால் எதனை வேண்டுமாயினும் மாற்றலாம் என்பது எம் கருத்தன்று. மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அதனைச் செய்யாது மாற்றப் புகுதல், நாடி பாராது மருந்து கொடுத்தலை ஒக்கும். வண்டி புதிதாக இருந்தபோது கொதித்ததா என்று முதலில் கேட்டல் வேண்டும். நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் வண்டிகள் பெருந்தொகையின. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றிப் பிறந்த அவ்வண்டியின் 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரம், வாடகை வண்டியாகவும் அதிகாரிகள் வண்டியாகவும் நம் கோடைகள் பலவற்றைக் கடந்தது. அன்று ஓடியது இன்று ஓடவில்லையெனின், பிழை அமைப்பில் இல்லை; அதன் முதுமையில் உள்ளது என்பது தெளிவு.

அம்முதுமை எங்கெங்கே தங்குகின்றது? சிலிண்டர்க் கட்டின் நீரறையில் துருவும் சேறும் படிந்து, பின்புறச் சிலிண்டரைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை ஆண்டுதோறும் ஊற்றியதால் சுண்ணாம்புப் பாறை உட்சுவரிற் படியும். வெப்பத்தைக் கடத்துவதில் அப்பாறை வார்ப்பிரும்பினும் இருபது மடங்கிற்கு மேல் தாழ்ந்தது. கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டார்க்கு இது சொல்லாமலே விளங்கும். ரேடியேட்டரின் குழாய்கள் பாதி அடைபட்டிருக்கும். வெளியே பூச்சியும் புழுதியும் இடுக்குகளை மூடியிருக்கும். விசிறிப் பெல்ட் தளர்ந்து வழுக்கும். கீழ்க்குழாயின் ரப்பர் மென்மையுற்று, உள்ளிருந்த கம்பிச்சுருளும் துருப்பிடித்து மறைய, வேகத்திற் பம்பு இழுக்கும்போது குழாய் ஒட்டிக்கொள்ளும். தீப்பொறி காலந்தாழ்ந்து விழுதல், எண்ணெய்க் கலவை மெலிதல், பிரேக் விடாது பிடித்தல் என்பனவும் நீரிற் சூடேற்றும். இவற்றுள் ஒன்றைத் திருத்தச் சில நூறு ரூபாய் போதும். திருத்தாமற் புதிய விசிறி வாங்கச் சில ஆயிரம் வேண்டும்.

பிழையை இனங்காண எளிய குறி ஒன்றுண்டு. நின்றபோது சூடேறி, ஓடும்போது தணியுமாயின் குறை காற்றோட்டத்தைச் சார்ந்தது: விசிறி, பெல்ட், விசிறியைச் சூழும் தகட்டுக் கூண்டு ஆகியவற்றை நோக்குக. நிற்கும்போது தணிந்து, வேகத்திற் சூடேறுமாயின் குறை பெரும்பாலும் நீரோட்டத்தைச் சார்ந்தது: ரேடியேட்டரையும் குழாயையும் பம்பையும் நோக்குக. இரு நிலையிலும் சூடேறிக் குமிழியும் வருமாயின் தலைப்பகுதியின் காஸ்கெட்டை ஐயுறுக. சூடுகாட்டும் கருவியே பொய் சொல்லுதலும் உண்டு; வேறு வெப்பமானி கொண்டு அதனைச் சரிபார்த்தல் நன்று.

ஈண்டு நம் நாட்டுப் பட்டறைகளில் வேரூன்றிய வழக்கமொன்றைக் கண்டிக்க வேண்டியுள்ளது. வண்டி கொதித்தவுடன் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுதலே அது. ‘நம் வெயிலுக்கு இது எதற்கு?’ என்பது அவர்தம் வாதம். தெர்மோஸ்டாட் குளிர்நாட்டுக்கு மட்டும் உரிய கருவியன்று. நீர் ஏறத்தாழ 80 டிகிரியை அடையும்வரை ரேடியேட்டருக்குச் செல்லாது தடுத்து, இயந்திரம் விரைவிற் பதஞ் சேரச் செய்வது அதன் தொழில். அஃதில்லையேல் காலைப் பொழுதில் இயந்திரம் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் உராய்வெண்ணெயிற் கலக்கும். சிலிண்டர்ச் சுவர் தேயும். சில இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழியையும் அடைத்துவிடுகின்றது; அதனை நீக்கினால் வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே சுற்றிவந்து, நாம் தணிக்க எண்ணிய சூட்டை மிகுவிக்கும். கெட்டதாயின் நல்லதை இடுக, வெறுமையாக விடற்க.

இவ்வளவும் செய்த பின்னரும் வண்டி கொதிக்குமாயின், மேம்படுத்துதல் தகும் என்பதே எம் துணிபு. ஆயினும் அதற்கு ஒரு வரம்பு வேண்டும். அவ்வரம்பை ஒரே வாக்கியத்தில் கூறுவோம்: ஒரு நாட் பொழுதிற் கழற்றி, வண்டியை முன்னிருந்தவாறே ஆக்கக்கூடிய மாற்றம் எதுவும் தகும், வெட்டியும் துளைத்தும் பற்றவைத்தும் செய்யும் மாற்றம் எதுவும் தகாது. பழைய வண்டிகளுக்கான உலகச் சங்கமாகிய ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் இந்நெறியையே தழுவுகின்றது. வண்டி ஓடுதலும் பேணுதலின் பகுதியே என்பதை ஒப்பி, மாற்றம் குறைவாகவும் மீட்கத்தக்கதாகவும் குறித்துவைக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்வரம்பினுள் யாம் முதலிடம் தருவது, ரேடியேட்டரின் மேல் கீழ்த் தொட்டிகளை அவ்வாறே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள குழாய்க் கூட்டை மட்டும் மிகுதியான வரிசையுடையதாகப் புதுக்கும் முறைக்கே. வெளித்தோற்றம் மாறாது, பெயர்த்தகடு மாறாது, குளிர்விக்கும் பரப்பு மட்டும் பெருகும். அலுமினியப் பெட்டியே சிறந்தது என்பார் உளர். இலேசானது என்பது மெய். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தை விடச் சிறந்தது என்பதையும் நம் பௌதிக மாணாக்கர் அறிவர். அலுமினியத்தின் நன்மை அதன் குழாய்களை அகலமாகச் செய்யலாம் என்பதிலேயே உள்ளது. பழைய வண்டியின் முகத்துக்குச் செம்பும் பித்தளையுமே அழகு. இரண்டாவது, விசிறிக்குத் தகட்டுக் கூண்டு இடுதல். செலவு சிறிது, பயன் பெரிது. கூண்டில்லாத விசிறி தான் தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுக்கும். கூண்டு இருப்பின் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் காற்றை ஈர்க்கும்.

மூன்றாவது மின்விசிறி. இதனைப் பலரும் முதலில் நாடுகின்றனர். யாம் இறுதியில் வைக்கின்றோம். காரணம் கணக்கே. மின்விசிறி 10 ஆம்பியர் அளவு மின்சாரம் உண்ணும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் இருந்த லூக்காஸ் சி40 டைனமோவின் உச்ச அளவே 22 ஆம்பியர்; அதற்கு முந்திய சி39 தருவது 19. இரவில் முகவிளக்கும் எரிய, வண்டி சந்தியில் நிற்க, டைனமோ மெல்லச் சுழன்று யாதும் தாராதிருக்க, விசிறி பாட்டரியை உறிஞ்சும். விசிறி மிகவும் வேண்டப்படும் நேரமும் மின்சாரம் மிகவும் அரிதாகும் நேரமும் ஒன்றே. ஆகவே விசிறியை இட்டவர் ஆல்டர்னேட்டரையும் நாடுவர். அதனை நாடியவர் கம்பிகளையும் மாற்றுவர். பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் நேர்மின் முனையே உடலோடு இணைந்திருத்தலால் அதனையும் திருப்புவர். ஒரு நூலை இழுக்க ஆடையே அவிழும் கதை இது. எனினும் நகர நெரிசலில் அடிக்கடி ஓட்டுபவர்க்கு, ஓட்டுநர் கையால் இயக்கும் துணை விசிறி ஒன்றை ரேடியேட்டருக்கு முன் வைத்தல் உதவும். பழைய விசிறியைக் கழற்றாமல் வைத்தல் வேண்டும்.

அழுத்த மூடி பற்றியும் ஒரு சொல். சதுர அங்குலத்துக்கு 7 ராத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்தும். இதனைக் கேட்டவுடன் 15 ராத்தல் மூடியை வாங்கிப் பொருத்துவோர், ஈயப்பற்றால் ஒட்டிய முதிய பெட்டி அவ்வழுத்தத்தைத் தாங்குமா என எண்ணுவதில்லை. அழுத்தமே இல்லாது பிறந்த ஆஸ்டின் செவன் போன்ற வண்டிகளுக்கு அம்முயற்சி அடியோடு ஆகாது. மூடி கொதிப்பைத் தள்ளிப்போடுமேயன்றிச் சூட்டைக் குறைப்பதன்று. சூடான வண்டியின் மூடியை உடனே திறத்தல் முகத்தையும் கையையும் வேகவைக்கும் என்பதை இளைஞர் மறத்தலாகாது.

ஊற்றும் நீரிலும் கருத்து வேண்டும். உப்பற்ற வாலைநீரோடு கிளைகால் சார்ந்த குளிர்நீரைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கலத்தல் நம் நாட்டுக்குப் போதும். பனியுறைவுக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. துருத் தடுப்பே நமக்கு வேண்டுவது. பாதிக்குப் பாதி கலப்பின் வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றல் குறையும். இக்கால வண்டிகளுக்கென வரும் கரிம அமிலக் கலவை பழைய ஈயப்பற்றுக்கும் ரப்பருக்கும் ஒவ்வாது என்று பிரிட்டனின் பழைய வண்டிச் சங்கங்கள் எச்சரித்துள்ளமையால், பழைய முறைக் கலவையையே தேர்தல் நன்று. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலின், வடித்ததை நாயும் பூனையும் நக்குமிடத்தில் விடுதல் பாவம்.

சட்டமும் இதனில் தொடர்புடையது. 2021இல் இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி, அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் பெறாது மூலவடிவில் இருப்பின் பழம்பெரும் வண்டியாகப் பதிவு பெறலாம். ஆகவே கொதிப்புக்கு அஞ்சி இயந்திரத்தை மாற்றுவோர் அப்பெருமையையும் இழக்கின்றனர். ரேடியேட்டரின் உட்கூட்டைப் புதுக்கி, இயந்திரத்தை வைத்துக்கொள்வோரோ மூலவடிவைக் காப்பவராகின்றனர். ஆயிரம் ரூபாயில் தீரும் நோய்க்குத் தலையை வெட்டுதல் எத்துணைப் பேதைமை!

இறுதியாக ஒன்று. ஒவ்வொரு நகரிலும் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் சிறு பட்டறைகள் உண்டு. ஈயத்தை உருக்கி, மயிரிழை அளவான கசிவையும் நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழியாற் கண்டு அடைக்கும் கைத்திறன் அங்கே உள்ளது. நெகிழித் தொட்டியுடைய புதிய ரேடியேட்டர்கள் பழுதானாற் பெரும்பாலும் மாற்றப்படுகின்றன, பழுது பார்க்கப்படுவதில்லை. மின்சார வண்டிகள் பெருகிவரும் இந்நாளில் அக்கைத்திறனுக்கு வேலை அருகி வருகின்றது. பழைய வண்டி ஒன்றைச் செம்மையாகக் குளிர்வித்து ஓட்டுபவர் ஒரு பொறியை மட்டும் காப்பவரல்லர். அப்பொறியை அறிந்த கைகளையும் காப்பவர். வண்டியை வைத்திருக்கும் நம் பழைய மாணவர்களும், பொறிநூலிற் பற்றுடைய இந்நாள் மாணாக்கரும், அப்பட்டறைகளுக்குச் சென்று அத்தொழிலைக் கண்ணாற் காண்பாராக. கேட்டறிந்ததைக் குறித்து வைப்பாராக.

பழமையைத் தொடாதே என்பாரும், பழமையைத் தொலை என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் பொருளின் இயல்பை அறிய முயல்வதில்லை. அறிந்து, வேண்டுமளவே திருத்தி, திருத்தியதைப் பின்வருவோர் நீக்குதற்கும் இடம் வைத்தல் நடுநிலையாளர் நெறி. அந்நெறி மோட்டார் வண்டிக்கு மட்டுமன்றி, நம் கையில் வந்து சேர்ந்த பழம்பொருள் அனைத்திற்கும் ஏற்றது என்பது எம் உறுதி.